மா கேட்டேன், மே என்று வந்தது

அந்தோனியாரை நம்பும் சகோதரங்களே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பொறுமையான ஆள் இல்லை. சாட்சி சொல்ல வருகிறவர்கள் முழங்காலில் நின்று கண்ணீரோடு மன்றாடினோம் என்பார்கள். நான் அப்படி மன்றாடவில்லை. ஏசினேன். சுரூபத்துக்கு முன்னால் நின்று, மீன் சந்தையில் ஏசுகிற மாதிரி ஏசினேன். அந்த ஏச்சுக்குத்தான் பதில் வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஜசிந்தா. ஊர் மயிலிட்டி. என் மனுசன் சூசைக்குக் கடல்தொழில். தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்தபோது வலையும் வள்ளமும் கரையில் கிடந்தன. கட்டியிருந்த சீலையோடும் இரண்டு பிள்ளைகளோடும் வலிகாமத்தில் ஒரு தோட்டக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தோம். சரசக்கா என்று ஒரு சைவ மனுசி தன் வளவின் மூலையில் கொட்டில் போட இடம் தந்தா. வாடகை கேட்கவில்லை. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

பிறகு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் இல்லை, சவுக்காரம் இல்லை, பற்றரி இல்லை, நெருப்புப்பெட்டிகூட இல்லை. இருக்கிற சாமானுக்கு விலை கேட்டால் தலை சுற்றும். ஜாம் போத்தலுக்குள் திரியைப் போட்டு விளக்கு எரித்தோம். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். தோட்டக்காரரின் தண்ணீர் இறைக்கும் மிசின்கள் எண்ணெய் இல்லாமல் சும்மா கிடக்க, கிணறுகளில் பழையபடி துலா ஏறியது. என் மனுசன் அந்தத் துலாவில் ஏறி மிதிக்கும் கூலிவேலைக்குப் போனார். வள்ளத்தில் நின்று பழகிய கால் துலாவிலும் நிற்கும்தானே என்று தோட்டக்காரர் பகிடி பண்ணுவார்கள். அவரும் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

சிலபேர் இதைப் பெருமையாகக் கதைப்பார்கள். பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிட்டோம், அந்தக் காலத்துச் சனம் இப்படித்தான் சுகமாக இருந்தது என்பார்கள். கேட்க எனக்கு விசர் வரும். பனம்பழத்தில் தோய்த்த உடுப்பைப் போட்டுக்கொண்டு மாடு பின்னால் வந்து மோந்துபார்க்கும்வரை நின்றிருந்தால் இந்தக் கதை கதைக்கமாட்டார்கள். நாங்கள் ஒன்றுக்கும் திரும்பவில்லை. எங்களைத் தள்ளிவிட்டார்கள். தள்ளினவன் கொழும்பில் இருந்தான். அதில் காசு பார்த்தவன் எங்கள் சந்தியிலேயே இருந்தான்.

தொண்ணூற்றிரண்டில் மூன்றாவது பிள்ளை பிறந்தாள். அமலி. பிறந்தபோது நல்ல கொழுகொழு என்று இருந்தாள். அவளுக்கு ஐந்து மாதம் ஆகும்போது எனக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபோது என்னிடம் பாலும் விட்டுப்போயிருந்தது. பால் சுரக்க எங்கள் பெண்களுக்குப் பால்சுறா வறுத்துக் கொடுப்பது வழக்கம். கடற்கரைக்குப் போகமுடியாத கடற்காரன் வீட்டில் சுறாவுக்கு எங்கே போவது? பசுப்பால் வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். பிள்ளைக்கு வயிற்றாலை போனது. பிறகு கஞ்சித்தண்ணி. கஞ்சித்தண்ணியில் ஒரு பிள்ளை எத்தனை நாளைக்கு இருக்கும்?

மாப்பால் கொடுக்கச் சொல்லி வைத்தியர் சொன்னார். பால்மாவை நாங்கள் மா என்றுதான் சொல்லுவோம். அந்த ஒரு சொல்லுக்காக நான் ஏறி இறங்காத கடை இல்லை.

சந்திக் கடை முதலாளி எங்கள் வேதக்காரர். கோயிலில் முன்வரிசையில் நிற்பவர். மா முடிந்துவிட்டது, வந்தால் சொல்லுகிறேன் என்றார். சரி என்று திரும்பினேன். கடை வாசலைத் தாண்டவில்லை, மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். முதலாளி அரிசிச் சாக்குக்குக் கீழே கையை விட்டு ஒரு பால்மா ரின்னை எடுத்தார், பேப்பரில் சுற்றினார், கொடுத்தார். நான் திரும்ப உள்ளே போய் எனக்கும் ஒன்று தாருங்கள் என்று கேட்டேன். அவர் ஒரு விலை சொன்னார். சொல்லும்போது அவருடைய முகத்தில் கொஞ்சம்கூட வெட்கம் இல்லை. என் மனுசன் துலாவிலேயே சீவித்தாலும் அந்த விலை எங்களுக்கு எட்டாது.

"கப்பல் வராட்டி நான் என்ன செய்யிறது, பிள்ளை?" என்றார்.

"கப்பல் வராட்டி உங்கடை சாக்குக்குக் கீழை என்னெண்டு அண்ணை மா வந்தது?" என்று கேட்டேன்.

அவர் காதில் விழாத மாதிரித் தராசைத் துடைத்தார். நான் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

அமலி அப்போது அழுவதையும் குறைத்துவிட்டாள். வாயைத் திறப்பாள், சத்தம் வராது. உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தது. இரண்டு பிள்ளை வளர்த்தவள் நான். அது என்ன குறி என்று எனக்குத் தெரியும். என் மனுசன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பயந்து, விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கிராமத்து அந்தோனியார் கோயிலுக்கு நடந்தேன். பூசை முடிந்து சனம் போய்விட்டது. சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தேன். அந்தோனியாரின் கையில் குழந்தை இயேசு. நல்ல கொழுத்த பிள்ளை, சிவந்த கன்னம்.

"உம்மடை கையிலையும் ஒரு பிள்ளை இருக்குது. அதுக்கு ஒரு குறையும் இல்லை. இஞ்சை என்ரை பிள்ளையைப் பாரும். நான் மாடிவீடு கேக்கேல்லை. மா கேக்கிறன். அதையும் தர ஏலாதெண்டா, அந்தப் பிள்ளையைக் கீழை இறக்கி வைச்சிட்டு என்ரையைத் தூக்கும்."

இதைச் சத்தமாகத்தான் சொன்னேன். கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்த சங்கிலித்தார் தும்புத்தடியோடு அப்படியே நின்று பார்த்தார். நான் சிலுவை அடையாளமும் போடாமல் வெளியே வந்தேன். வழி முழுக்க, என் நாக்கு அழுகப்போகிறது என்று பயந்துகொண்டே வந்தேன். ஆனால் சொன்னதில் ஒரு சொல்லையும் திரும்ப எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கிழமையும் மா வரவில்லை. அதற்கடுத்த செவ்வாய் காலையில் சரசக்கா ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு கொட்டில் வாசலுக்கு வந்தா. மண்ணிற மறியாடு, பெட்டை, ஒரு காது வெள்ளை. அவவின் மனுசன் மலேரியாவில் படுத்தபோது, எழும்பினால் ஆட்டைத் தருகிறேன் என்று அந்தோனியாருக்கு நேர்ந்தாவாம். எங்கள் பக்கத்தில் சைவ ஆட்கள் அந்தோனியாருக்கு நேருவது ஒன்றும் புதினம் இல்லை. மனுசன் எழும்பிவிட்டார். கோயில் ஒழுங்கு தனக்குத் தெரியாது, நீ வேதக்காரிதானே, கொண்டுபோய்க் கொடுத்துவிடு என்று கயிற்றை என் கையில் தந்தா.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! நான் அந்தோனியாரிடம் கேட்டேன். அவர் தரவில்லை. தராததோடு விடாமல், தனக்கு வரவேண்டிய ஆட்டையும் என்னைக்கொண்டே இழுப்பிக்கிறார். ஆனாலும் இடம் தந்த மனுசிக்கு மாட்டேன் என்று சொல்ல முடியுமா? இடுப்பில் பிள்ளை, கையில் கயிறு. ஒழுங்கை முழுக்க அந்த ஆடு மே, மே என்று கத்திக்கொண்டு வந்தது. காலை அகட்டி அகட்டி நடந்தது. சனியனே, வாயை மூடு என்று ஏசி ஏசி இழுத்தேன். கிளுவை வேலியில் குழை முறித்துக் கொடுத்தும் தின்னவில்லை. நான் மீன்காரி. மீனின் செவுளைப் பார்த்து எப்போது பிடித்தது என்று சொல்லுவேன். ஆடு ஏன் கத்துகிறது என்று எனக்குத் தெரியாது.

கோயிலுக்கு நேர்ந்து வருகிற ஆடு கோழிகளைப் பூசைக்குப் பிறகு முற்றத்தில் ஏலம் விடுவது வழமை. அன்றைக்கும் சனம் கூடியது. ஆனால் கேட்க யாரிடம் காசு இருக்கிறது? எல்லாரும் ஆட்டைப் பார்த்தார்கள், பிறகு நிலத்தைப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு குரல் விலை கேட்டது. யாரென்று திரும்பினால், சந்திக் கடை முதலாளி. கேட்டது அடிமாட்டு விலை. ஞாயிற்றுக்கிழமைக்கு வெட்டினால் நல்ல இறைச்சி வரும் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

அதோடு என் வாய் திறந்தது. பால்மாவைச் சாக்குக்குக் கீழே ஒளித்துவைத்து, பிள்ளைக்கு இல்லை என்று சொன்னவர் நீங்கள்தானே என்று கேட்டேன். இறைச்சி தின்ன வருகிறீர்களே, இந்தப் பிள்ளையைப் பாருங்கள் என்று துணியை விலக்கி அமலியைத் தூக்கிக் காட்டினேன். ஆடு மட்டும் கத்தியது.

பூசை வைத்த எங்கள் சுவாமி வயதான மனிதர், மெதுவாகக் கதைப்பவர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பிள்ளையைப் பார்த்தார். பிறகு குனிந்து ஆட்டின் காலடியைப் பார்த்தார். மணலில் ஈரம். மடி புடைத்து, காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

இந்த ஆடு ஆர் தந்தது, குட்டி எங்கே என்று சுவாமி கேட்டார். நான் சரசக்காவின் நேர்த்தியைச் சொன்னேன். குட்டி செத்துப்போனது என்று அவ சொல்லியிருந்ததையும் சொன்னேன். நேர்ந்த ஆடு, அதனால் பாலில் ஒருவரும் கைவைக்கவில்லை என்றும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு விளங்கியது. பசியால் சாகிற பிள்ளையையும் பால் வழிகிற ஆட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒழுங்கை முழுக்க ஆட்டை ஏசிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"போன செவ்வாய் நீர் இஞ்சை வந்து சத்தம் போட்டதைச் சங்கிலித்தார் சொன்னவர்," என்றார் சுவாமி. "அந்தோனியார் வீடு தேடி அனுப்பியிருக்கிறார். நீர் ஏன் பிள்ளை திருப்பிக் கொண்டந்தனீர்?"

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. நேர்ந்த பொருள் கோயிலுக்குத்தான் சேரவேண்டும், இது ஒழுங்கில்லை என்றார்.

சுவாமி அவரைத் திரும்பிப் பார்த்தார். "கோயிலுக்குச் சேர்ந்திட்டுது. அந்தோனியார் பாண் ஏழையளுக்கெண்டுதானே காலங்காலமாக் குடுக்கிறம்? கோதுமை மா இல்லாமல் நான் எங்கை பாண் வாங்க? இண்டைக்கு இந்த ஆடுதான் பாண்."

ஏலம் அங்கேயே முடிந்தது. கயிற்றைச் சுவாமி தன் கையால் எடுத்து என் கையில் தந்தார். நான் நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. ஓடினேன். இந்த முறை ஆட்டை இழுக்கவில்லை. அது எனக்கு முன்னால் நடந்தது.

ஆட்டோடு திரும்பி வந்த என்னைக் கண்டதும் சரசக்காவுக்கு முகம் வெளிறிப்போனது. நேர்த்தியை அந்தோனியார் ஏற்கவில்லை, மனுசனுக்குத் திரும்பக் காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்துவிட்டா. நடந்ததைச் சொன்னேன். அப்படியே நிலத்தில் குந்தினா.

"உன்ரை பிள்ளை அழேக்கையெல்லாம் நினைச்சனானடி," என்றா. "மடி கட்டிப்போடுமெண்டு நான் நிலத்திலை பீச்சி ஊத்தினனான். நேர்ந்ததிலை கைவைச்சா இவருக்கு ஏதும் ஆகிடுமெண்டு பயம்."

எனக்கு அவவில் கோபம் வரவில்லை. கோபப்பட எனக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். அவ எழும்பிச் செம்பைக் கழுவி எடுத்துவந்து, தானே குந்தியிருந்து கறந்தா. தண்ணீர் கலந்து காய்ச்சி, ஆறவைத்து, சங்கால் பருக்கினோம். முதல் வாய் வெளியே வழிந்தது. இரண்டாவது வாயை விழுங்கினாள். விழுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. பின்னேரம் என் மனுசன் தோட்டத்தால் வந்தபோது அமலி வீரிட்டு அழுதுகொண்டிருந்தாள், இன்னும் வேண்டுமென்று. அவர் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பசுப்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு ஆட்டுப்பால் ஒத்துக்கொண்டது. உச்சிக்குழி மேலே வந்தது. கன்னம் வந்தது. அவள் சோறு தின்னத் தொடங்கியதும், அடுத்த முறை குட்டி போட்ட ஆட்டை நானே பிடித்துக்கொண்டுபோய், பால் இல்லாத இன்னொரு தாயிடம் விட்டேன். கறக்கவும் நானே காட்டிக்கொடுத்தேன். அதன்பிறகு எங்கள் கோயிலில் பால் ஆடு ஏலத்துக்குப் போவதில்லை. பிள்ளை இருக்கிற வீட்டுக்குத்தான் போகும். நேர்ந்தது என்று சொல்லி ஒருவரும் இப்போது பாலை நிலத்தில் ஊற்றுவதில்லை.

இதை எழுதுகிற இந்தத் தொண்ணூற்றைந்து தொடக்கத்திலும் சாமான் விலை இறங்கவில்லை. முதலாளியும் மாறவில்லை. முன்வரிசையில்தான் நிற்கிறார். அதனால் என் கோபமும் போகவில்லை. போகவேண்டும் என்று நான் மன்றாடவும் இல்லை. அந்தோனியார் தந்த ஆட்டுக்கு நன்றி சொல்லுகிறேன். ஆடு தரவேண்டிய நிலைமைக்கு எங்களைக் கொண்டுவந்தவர்களை நான் அவருக்கு முன்னால் இன்னும் பேர் சொல்லி ஏசுகிறேன். முன்பு நான் கோயிலில் மனப்பாடம் ஒப்புவிக்கிறவள். இப்போது அவரோடு கதைக்கிறேன். என்னில் மாறியது அதுதான்.

சகோதரங்களே, வடிவாகச் செபிக்கத் தெரியாது என்று வீட்டில் இருக்கவேண்டாம். கோபம் என்றால் கோபத்தோடேயே போங்கள். கேட்டது வேறு மாதிரி வந்து வாசலில் நின்று கத்தினால், வாயை மூடச் சொல்லாமல் என்னவென்று பாருங்கள். நான் கேட்டது மா. வந்தது மே. கொஞ்சம் தவறியிருந்தால் அதை முதலாளியின் கறிச்சட்டிக்குக் கொடுத்திருப்பேன்.

அமலி இப்போது ஓடித்திரிகிறாள். பாலுக்கு அவள் வைத்த பேர் மே. போன செவ்வாய் கோயிலில் என் சீலையைப் பிடித்து இழுத்து, அந்தோனியாரின் கையிலிருக்கிற பிள்ளையைக் காட்டிக் கேட்டாள்.

"அம்மா, அந்தப் பிள்ளைக்கு மே குடுத்தாச்சோ?"

ஓம் என்றேன். முதலில் உனக்குத் தந்துவிட்டுத்தான் அது குடித்தது என்று சொன்னேன்.