பந்தக்காலைக் கையில் பிடித்து நின்றவர்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிற இன்று, கீழத்தெருவுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம்.

கட்டுரை நீதான் எழுத வேண்டும் என்று சொன்ன குடும்பத்தார், கிண்டல் கூடாது என்றும் சொன்னார்கள். கட்சிக்காரர்கள் வருவார்கள், பதவி போன கதை வேண்டாம் என்றார்கள். நீளமாகப் போகக் கூடாது, அடுத்த பக்கத்தில் பேரப்பிள்ளைகள் படம் என்றார்கள். கடைசி நிபந்தனையை மட்டும் ஏற்றுக்கொண்டேன். பேரப்பிள்ளைகள் என்னைவிட அழகு. நான் முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். படித்துவிட்டுச் சிரித்ததாக இதுவரை சொன்னவர் அண்ணி ஒருவர்தான். அவரும் அச்சுப்பிழையைப் பார்த்துச் சிரித்தார்.

பதவி போன கதையை எழுதாமல் இருக்க முடியாததற்குக் காரணம், சென்ற ஆண்டு ஊரெங்கும் ஒட்டிய இரங்கல் சுவரொட்டி. ‘உடல்நிலை காரணமாக அமைச்சர் பொறுப்பிலிருந்து விலகியவர்’ என்று அதில் இருந்தது. பதவி போன வாரம் அண்ணனுடைய உடல்நிலை எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரியும். காலையில் ஒன்பது இட்லி சாப்பிட்டார்.

அண்ணன் பிறந்தது இதே கீழத்தெருவில். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அப்பா பண்ணைக்குத் தண்ணீர் கட்டினார், அம்மா நடவு நட்டார். மூங்கில் எங்களுடையது, கீற்று எங்களுடையது, சுவரின் மண்கூட அம்மா வாய்க்காலில் இருந்து சுமந்து வந்தது. வீடு நின்ற தரை மட்டும் பண்ணையுடையது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டால் வேலையை விட்டுப் போ என்று சொல்ல மாட்டார்கள். வீட்டைப் பிரி என்பார்கள். குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்ததாகப் பேசிக்கொண்டார்கள். வந்திருக்கலாம். எங்கள் தெருவரை நடந்து வரவில்லை.

அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல் போட வாசலில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். பண்ணை வேலைகளை மேற்பார்க்கும் காரியக்காரர் சைக்கிளில் வந்து காலை ஊன்றி நின்றார்.

“யாரைக் கேட்டுடா குழி தோண்டுறீங்க?”

“காரியத்துக்குப் பந்தலுங்க. சாயந்தரமே பிரிச்சிடுவோமுங்க” என்றார் தாய்மாமா.

“இன்னிக்குப் பந்தக்கால் நடுவீங்க, நாளைக்குச் செவுரு வைப்பீங்க. பண்ணையில ஒரு வார்த்தை கேட்டீங்களா? மூடுங்க குழிய.”

மாமா குழியை மூடினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மன்னார்குடியிலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அண்ணன் ஒரு மூங்கிலை எடுத்தார். அதைத் தரையில் படாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, “இன்னும் மூணு பேரு வாங்க. கீத்தைத் தூக்கிக் கட்டுங்க” என்றார். நாலு பேர் நாலு காலைக் கையில் பிடிக்க, மேலே பந்தல் வந்துவிட்டது.

“என்னடா இது கூத்து?” என்றார் காரியக்காரர்.

“தரையைத் தொடலைங்களே. கையிலதான வச்சிருக்கோம்” என்றார் அண்ணன். “காத்தும் பண்ணையோடதுன்னா சொல்லுங்க. மூச்சை நிறுத்திக்கிறோம்.”

காரியம் முடிந்து கடைசிப் பந்தி எழும்வரை அந்த நாலு பேரும் காலை இறக்கவில்லை. அண்ணனால் பத்து நாள் தோளைத் தூக்க முடியவில்லை. நானும் ஒரு காலைப் பிடித்தேன் என்று எழுத ஆசைதான். நான் பந்தலுக்கு நட்டநடுவில், நல்ல நிழலாகப் பார்த்து உட்கார்ந்து, வடை போதுமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று அந்த நிழலில் சாப்பிட்ட ஒருவர்தான் அண்ணனைக் கட்சி மேடைக்கு அழைத்துப் போனார். அதற்குப் பிறகு கல்லூரிப் படிப்பு, சிறை, திருமணம், இரண்டு தோல்வி, ஒரு வெற்றி எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வென்ற முறை அவரை வீட்டுவசதித் துறைக்கு அமைச்சராக்கினார்கள்.

சட்டமன்றத்தில் கேட்கும் கேள்விகளுக்கு அமைச்சர் வாசிக்க வேண்டிய பதிலைத் துறை அதிகாரிகள்தான் எழுதித் தருவார்கள். குடிநீர்த் தொட்டி ஒழுகுகிறதா என்றால் ‘ஆய்வில் உள்ளது’. வீடு கட்டித் தருவீர்களா என்றால் ‘அரசின் பரிசீலனையில் உள்ளது’. அண்ணன் பதவியேற்ற முதல் வாரத்தில் மூத்த அதிகாரி ஒருவர் அவருக்கு அன்போடு ஓர் எச்சரிக்கை விடுத்தார். அண்ணன் அதை நடித்தே காட்டுவார்.

“ஐயா, நீங்க என்ன வேணா பேசுங்க. செஞ்சு தர்றோம்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொல்லிட்டா உறுதிமொழிக் குழு எழுதி வச்சிக்கும். நிறைவேத்துற வரைக்கும் துறையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேக்கும். நீங்க போனாலும் அது போகாதுங்கய்யா. அடுத்த ஆட்சி வந்தாலும் போகாது.”

“அப்படி ஒரு பேய் இருக்கா?”

“இருக்குங்கய்யா.”

“நல்ல பேயா இருக்கேய்யா” என்றாராம் அண்ணன்.

அண்ணன் அமைச்சராகி இரண்டாவது ஆண்டில், பண்ணையார் குடும்பம் கீழத்தெரு நிலத்தை அரிசி மில்லுக்கு விலை பேசியது. தை அறுவடை முடிந்ததும் வேலி போடுவார்கள், அதற்குள் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்கு வீடு ஆள் வந்து சொன்னார்கள். அம்மா அப்போது இங்கேதான் இருந்தார். சென்னைக்கு வர மறுத்துவிட்டவர். நான் சென்னைக்கு ஓடினேன். எங்கள் வீட்டில் எல்லாரும் எல்லாரையும் ‘நீ’ என்றுதான் பேசுவோம். எனக்குக் கோபம் வந்தால் மட்டும் அண்ணனை ‘நீங்க’ என்பேன்.

“அண்ணே, நீங்க வீட்டுவசதி மந்திரி. உங்களைப் பெத்தவங்களுக்கு வீடு இருக்கு, தரை இல்ல.”

“நீங்கன்னு சொல்லாதடா. பயமா இருக்கு.”

“சிரிக்காதீங்க. தை வந்தா வேலி போட்டுடுவான்.”

“ஃபைலு வருவாய்த் துறையில கெடக்குது. பண்ணை வீட்டு மாப்பிள்ளை நம்ம கட்சியிலேயே மாவட்டப் பொறுப்புல இருக்காரு. நகர விடமாட்டேங்குறாரு. எனக்குத் தெரியாமலா இருக்கு?”

“தெரிஞ்சு என்ன பண்ணுறீங்க?”

அண்ணன் தன் காபியை என் பக்கம் தள்ளி வைத்தார். காபி ஆறியது. அவருடையதையும் சேர்த்து நானே குடித்துவிட்டு ஊருக்கு வந்து அம்மாவிடம் அழுதேன். “கேக்க வேண்டிய எடத்துல கேளுடா. எங்கிட்ட வந்து அழுவாத” என்றார் அம்மா.

கேட்க வேண்டிய இடம் எதிர்க்கட்சிதான் என்று எனக்குப் பட்டது. எங்கள் மாவட்டத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர் இருந்தார். அண்ணனோடு மேடைக்கு மேடை மோதுகிறவர். அமைச்சர் பிறந்த தெருவில் அரசு வீடு ஒன்றாவது உண்டா, இல்லையென்றால் ஏன் என்று கேள்வியை நானே எழுதி அவரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, சொந்த அண்ணன் மேலேயேவா?”

“ஆமாங்க.”

“உங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“அனுப்புனதே அவங்கதாங்க.”

கேள்வி வந்த அன்று பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் எழுந்து, துறை எழுதிக் கொடுத்ததை வரி பிசகாமல் வாசித்தார். வீடு கட்டப்படவில்லை, நிலம் தனியாருக்கு உரியது, பொருள் அரசின் பரிசீலனையில் உள்ளது. எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. அப்போது அந்த உறுப்பினர் துணைக் கேள்வி கேட்டார்: “மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, பரிசீலனை எந்த அறுவடைக்குள் முடியும் என்று அமைச்சர் சொல்வாரா?”

அவை சிரித்தது. அண்ணன் கையிலிருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“பேரவைத் தலைவர் அவர்களே, என் தந்தையார் காரியத்துக்குப் பந்தக்கால் நட அந்தத் தெருவில் அனுமதி கிடைக்கவில்லை. காலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அன்றைக்கே என் தோள் பரிசீலித்து முடித்துவிட்டது. அந்த நிலத்தை அரசு எடுத்து, குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மனைப்பட்டா வழங்கும். இது இந்த அவைக்கு அரசு தரும் உறுதிமொழி.”

அதிகாரிகள் வரிசையில் அந்த மூத்தவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். உறுப்பினர் மறுபடி எழுந்தார்: “அமைச்சரை மாற்றிவிட்டால்?”

“நான் இந்த இருக்கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வழங்கும்” என்றார் அண்ணன்.

மறுநாளே கட்சித் தலைமையிடமிருந்து ஆள் வந்தது. இன்னொரு துறையின் விஷயத்தில் வாக்குக் கொடுத்தது முறையல்ல, தவறுதலாகச் சொல்லிவிட்டேன் என்று பேரவைத் தலைவருக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் உறுதிமொழியும் போய்விடும், பதவியும் தங்கும் என்றார்கள். வந்தவர் பேனாவைத் திறந்தே கொடுத்தார். அண்ணன் இட்லித் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, “எனக்கு எழுத வராதுன்னு சொல்லிடுங்க” என்றார். சுவரொட்டிக்காரர்கள் கவனிக்க: உடல்நிலை என்று நீங்கள் எழுதியது இதைத்தான்.

வார இறுதியில் அமைச்சர் வீட்டைக் காலி செய்தோம். அண்ணி சமையலறையில் நின்றுகொண்டு, “இந்த இட்லிப் பானை நம்மளோடதா, கவர்மெண்டோடதா?” என்று கேட்டார். நம்முடையதுதான் என்று தெரிந்ததும் ரயிலில் ஊர் வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தார். கட்சி அதற்குப் பிறகு அண்ணனுக்குத் தேர்தலில் இடம் தரவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆனால் அந்தத் தையில் வேலி வரவில்லை. உறுதிமொழி நிலுவையில் இருக்கும் நிலத்தைக் கிரயம் பதிந்து கொடுக்க எந்த அதிகாரிக்கும் தைரியமில்லை. மில்லுக்காரர் வேறு ஊர் பார்த்துப் போனார். நல்ல பேய் வேலையைத் தொடங்கியது. அண்ணனுக்கு அடுத்து வந்த அமைச்சரைக் கேட்டது. ஆட்சி மாறியது, புதியவரைக் கேட்டது. ஒவ்வொருவரும் அந்த வாக்கைக் கொடுத்தவரைத் திட்டிக்கொண்டே கோப்பை ஒரு மேசை நகர்த்தினார்கள். நகர்ந்து நகர்ந்து ஒருநாள் அது பள்ளிக்கூட மைதானத்தில் பட்டா வழங்கும் விழாவாக வந்து நின்றது. மேடையில் அண்ணனுக்கு நாற்காலி இல்லை. அழைப்பிதழும் இல்லை. அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். முறை வந்ததும் தாசில்தார் பதறி எழுந்தார்.

“ஐயா, நீங்க போயி வரிசையில...”

“நீ உக்காருய்யா” என்றார் அம்மா. “எங்க ரேகை வைக்கணும், அதைச் சொல்லு.”

அண்ணனுடைய பதவியைத் தின்றது என் கேள்விதான் என்ற எண்ணம் எனக்குப் பல ஆண்டுகள் இருந்தது. அதில் வருத்தம் பாதி. ஓர் எழுத்தாளனின் எழுத்து ஒருமுறையாவது எங்காவது தைத்ததே என்ற பெருமை மீதி. அந்தப் பெருமையையும் அண்ணன் கடைசி நாட்களில், தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு பறித்துவிட்டார்.

“ஏண்டா, இவ்வளவு படிச்சவன், கேள்வி எழுதிக் குடுத்தியே, நட்சத்திரம் போடணும்னு தெரியாதா?”

“என்ன நட்சத்திரம்?”

“கேள்வி மேல நட்சத்திரக் குறி இருந்தாத்தான்டா மந்திரி எந்திரிச்சு நின்னு பதில் சொல்லணும். துணைக் கேள்வியும் அதுக்குத்தான். இல்லேன்னா எழுதி மேசையில வச்சிட்டுப் போயிடலாம். நீ குடுத்ததை அந்த மனுசன் அப்படியே காப்பி எடுத்து அனுப்பிட்டாரு. துறைக்கு வந்துச்சு. வாசிச்சதுமே உன் எழுத்துன்னு தெரிஞ்சிது. ஒருத்தனுக்கும் வலிக்காது, அப்படி ஒரு நடை.”

“அப்புறம்?”

“அவருக்கு நானே போன் போட்டேன். நட்சத்திரம் போட்டுத் திருப்பி அனுப்புங்க, துணைக் கேள்வி ரெண்டு வச்சிக்குங்க, ஒண்ணுல நான் மழுப்புனா இன்னொண்ணுல புடிங்கன்னேன்.”



“எல்லாம் தெரிஞ்சே பண்ணீங்களா?” என்றேன்.

“நீங்கன்னு சொல்லாதடா” என்றார் அண்ணன். இந்த முறை எனக்குக் கோபம் இல்லை.

அடுத்த மாதம் அவர் இந்தத் தெருவில், அம்மா இறந்த அதே அறையில் கண்ணை மூடினார்.

நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அண்ணனைத் தூக்கி உட்கார வைத்த தெருப் பிள்ளைகளுக்கும், ஒரு நாளும் முகம் சுளிக்காத அண்ணிக்கும் நன்றி. எழுந்து நடக்க முடியாத வயதில் ஆட்டோ பிடித்து வந்து, “போன் போட்ட கதையை விடுங்க, அன்னிக்கு அவையில எங்கிட்ட தோத்தாருன்னே எழுதிக்குங்க தம்பி” என்று சொல்லி அழுத அந்த எதிர்க்கட்சி உறுப்பினருக்கு நன்றி. அப்பா காரியத்தில் மற்ற மூன்று கால்களைப் பிடித்தவர்களில் ஒருவர் இன்றும் இருக்கிறார். முன்வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பவர் அவர்தான், அவருக்கு நன்றி. இரங்கல் சுவரொட்டி ஒட்டிய கட்சிக்காரர்களுக்கும் நன்றி. இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மலரை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், பேரப்பிள்ளைகள் படத்துக்கு ஒன்றும் ஆகாது.

மற்றவர்கள் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் பந்தலின் கால்களை முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி நட்டிருக்கிறோம். யாரையும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு மெதுவாகப் போகலாம். பந்தலை இன்று பிரிப்பதாக இல்லை.