வால்வுக்குப் பூட்டுப் போட்டவர்கள்

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்றைக்கு இராஜபாளையத்தில் எந்த மில்லில் மிஷின் நின்றாலும், படித்த என்ஜினீயர்கள் முதலில் கார் அனுப்புவது என் பட்டறைக்குத்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் ரயில் இன்ஜினை முதன்முதலில் செய்தவர்களைப் பற்றி யாராவது புகழ்ந்து பேச ஆரம்பித்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். கெட்டில் மூடி ஆடியதாம், அதைப் பார்த்து ஒருவனுக்கு அறிவு உதித்ததாம். பள்ளிக்கூடத்தில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தக் கதையில் அடுப்புக்கு முன்னால் நிற்கிறவன் எங்கேயாவது வருகிறானா?

எனக்கு வேறு கதை தெரியும். எங்கள் பக்கம் ரயில் வந்த புதிதில் நான் ஷெட்டில் இன்ஜின் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தேன். அங்கே டிரைவராக இருந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், கிறிஸ்தவர், இங்கிலீஷ் புத்தகம் வாசிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய் வந்தபின் அவர் வீட்டுக்குப் போனால், வாசித்ததை எனக்குச் சொல்வார். சீமையில் முதன்முதலில் ஆவி இன்ஜின் செய்தவர்களில் ஒருவருடைய பாய்லர் வெடித்து ஆட்கள் செத்துப்போனார்களாம். செய்தவர் என்ன சொன்னார் தெரியுமா? பாய்லரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் மீன் பிடிக்கப் போய்விட்டான், தப்பு அவனுடையது என்றார்.

“ஆனா அதுக்குப் பொறவு சும்மா இருக்கலைலே” என்றார் டிரைவர். “ஆவி கூடிப்போனா தானே தெறந்து வெளிய விடுத வால்வு இருக்குல்லா, அதை ரெண்டா வச்சான். பின்னால வந்தவன் ஒன்னை டிரைவர் கைக்கு எட்டாம பூட்டியே போட்டுட்டான். மனுசனை நம்பாதவன்தான் நல்ல இன்ஜின் செய்வான், தெரிஞ்சுக்கோ.”

பழியைக் கூலிக்காரன் தலையில் போட்டாலும் பூட்டாவது போட்டார்களே என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊர் முதலாளி ஒருவர் அந்தப் பூட்டையும் மிச்சம் வைக்கவில்லை.

அவருக்குப் பருத்தியில் கொட்டை பிரிக்கிற ஒரு ஜின்னிங் பாக்டரி. ரயில்வேயில் கழித்துப்போட்ட இன்ஜினின் பாய்லரை ஏலத்தில் எடுத்துவந்து, அதன் ஆவியில் பருத்தி அரைத்தார். அந்தப் பாய்லரை, அதன் இரண்டு வால்வும் ஒன்றில் போட்ட பூட்டுமாக, உட்காரவைத்தவன் நான். மதுரையிலிருந்து வந்த பிட்டர் இரண்டு நாள் பார்த்துவிட்டு முடியாது என்று போனபிறகு, நான் தனியாளாக நின்று செய்தேன். தீப்போடும் வேலைக்கு என் அக்காள் புருஷனைச் சேர்த்துவிட்டதும் நான்தான்.

ஒரு சமயம் சேத்தூரில் பம்பு ரிப்பேருக்குப் போய்விட்டுத் திரும்பினேன். பாக்டரிக்குள் கால் வைத்ததுமே சத்தம் சரியில்லை. ஆவி மூச்சுவிட வேண்டிய நேரத்தில் விடவில்லை. மேலே ஏறிப் பார்த்தேன். பூட்டை ரம்பத்தால் அறுத்து, வால்வின் தலையில் மரஆப்பு இறுக்கியிருந்தார்கள். இன்னொரு வால்வு திறக்காதபடி அதன் கம்பியில் பருத்தித் தராசின் எடைக்கல் தொங்கியது. அதற்குச் சந்தனமும் குங்குமமும் வேறு! கொலைகாரக் கல்லுக்குப் பொட்டு வைத்து அழகு பார்த்திருக்கிறார்கள்.

கல்லை அவிழ்த்துக் கீழே எறிந்தேன். ஆவி சீறிக்கொண்டு போன சத்தத்தில் முதலாளி ஓடிவந்தார்.

“ஏலே, வெறகு என்ன சும்மாவா வருது? எங் காசு புஸ்ஸு புஸ்ஸுன்னு வானத்துக்குப் போவுது. நீ தொறந்துவிட்டு வேடிக்கை பாக்க!”

“அது காசு இல்ல முதலாளி, உசுரு.”

“யாரு உசுரு? ஒம் மச்சானே வாயை மூடிட்டு நிக்கான். ஒனக்கு எங்க கொடையுது?”

மச்சான் அடுப்புக்கு முன்னால் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். “விடு மாப்ள. அவிய பாக்டரி, அவிய பாய்லர்.”

“வேகப்போற தோலு ஒம்முதுல்லா மச்சான்?”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அன்றே என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். எனக்கென்ன, எந்தப் பாக்டரிக்குப் போனாலும் நாற்காலி போடுவார்கள். என் பின்னாலேயே கல் மறுபடியும் ஏறியது.

பருத்தி வரத்து முடிவதற்குள் பாய்லருக்குள் ஒரு குழாய் பிய்த்துக்கொண்டது. கொதிக்கும் ஆவி அடுப்பு வாய் வழியாகப் பாய்ந்தது. மச்சானை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் வாழையிலை மேல் கிடத்தியிருந்தார்கள். நெஞ்சும் கைகளும் வெந்து, உதடு தடித்துப்போய்ச் சோற்றுத் தண்ணீர்கூட இறங்கவில்லை. அந்த வாய்க்கு முதலாளி ஓலைப்பெட்டியில் பால்கோவா வாங்கிவந்து, கட்டில் ஓரமாக வைத்துவிட்டுப் போயிருந்தார். ஈ மொய்த்தது.

பாய்லர் இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். ஆப்பு, அறுத்த பூட்டு, எடைக்கல் எல்லாவற்றையும் நான் அவரிடம் சொன்னேன். பாக்டரியில் அதற்குள் எல்லாவற்றையும் கழற்றி மறைத்துவிட்டார்கள். “பக்கத்துல நின்ன ஆளு சொல்லட்டும்பா” என்று அவர் கட்டிலுக்கு அருகே குனிந்தார். மச்சான் ஒரு வார்த்தை சொன்னால் முதலாளி மாட்டிக்கொள்வார்.

“கண்ணு அசந்துட்டேன் ஐயா” என்றார் மச்சான். “தண்ணி விட மறந்துட்டேன்.”

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போனார். சீமையில் மீன் பிடிக்கப் போனான் என்றார்கள், இங்கே தூங்கிவிட்டான் என்று ஆயிற்று. அங்கே செய்தவன் தன் வாயால் பழி சொன்னான். இங்கே வெந்தவன் வாயிலிருந்தே அதை வரவழைத்துவிட்டார்கள்.

வராந்தாவில் அக்காளைப் பிடித்து உலுக்கினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். “கேட்டுல வாட்ச்மேன் வேலை போட்டுத் தாரேன்னு சொல்லிருக்காவ. ஒன் நெசத்தைப் போட்டு ஒலை வைக்க முடியுமாடா?”

சொன்னபடி வேலை கொடுத்தார்கள். வெந்து சுருங்கிய கையால் மச்சான் அதே முதலாளியின் காருக்குச் சலாம் போட்டார். யுத்த காலத்தில் நான் பட்டறை வைத்துக் கையில் நாலு காசு புரண்டபோது, “எங்கூட வந்துரும் மச்சான், அந்த வாசல்ல ஒக்காந்து என்னத்துக்கு?” என்று கூப்பிட்டேன்.

“ஒங்கிட்ட வந்தா நாள் பூரா அந்தக் கல்லைப் பத்தியே பேசுவ” என்றார். பருத்தி வண்டிக்காரர்களிடம் தான் தூங்கிய கதையை அவர் சொல்லிச் சிரிப்பதை நானே காதால் கேட்டிருக்கிறேன்.

வண்டிகள் போனபிறகு ஒருநாள் கேட்டில் வைத்துக் கேட்டேன்: “இங்க யாரும் இல்ல மச்சான். எங்கிட்டயாவது சொல்லும். அன்னிக்குத் தூங்குனீரா?”

அவர் கேட்டின் சங்கிலியை மாட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“தூங்குனேன் மாப்ள. நீதான் அன்னிக்கு அங்க இல்லையே, ஒனக்கு எப்படித் தெரியும்?”