ஜெபத்தில் சூடான ப்ராசஸர்

தூசி வறுபடும் வாசனை தெரியுமா உங்களுக்கு? மே மாத மத்தியானம், பக்கவாட்டு மூடியைக் கழற்றிய கம்ப்யூட்டருக்குள்ளிருந்து அது வரும். அன்று அதே நேரம் சமையலறையில் அம்மா ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். இரண்டும் கலந்த அந்த மணத்தில்தான், பூனாவில் எங்கள் வீட்டு ஹாலில், அக்காவின் கல்யாணப் பேச்சு நடந்தது...

அப்போது நான் போசரியில் ஒரு கம்பெனியில் டிரெய்னி. சம்பளம் கொஞ்சம், அலட்டல் நிறைய. வீட்டு கம்ப்யூட்டர் ஏற்கெனவே கிழடு. வெப்கேமில் மாப்பிள்ளை வாயைத் திறந்தால் சத்தம் முன்னால் வரும், உதடு பின்னால் அசையும். முகம் கட்டம் கட்டமாக, குளியலறை டைல்ஸ் மாதிரி தெரியும்.

"ஓவர்கிளாக் பண்ணு" என்றான் ஆகுர்டி நண்பன் பிரசாந்த். ப்ராசஸரை, அதற்கு விதித்த வேகத்தைவிட அதிக வேகத்தில் விரட்டுவது. விவரம் தெரிந்தவர்கள் அதற்கென்று பெரிய கூலர் வாங்கி மாட்டுவார்கள். நான் பெட்டியோடு வந்த பொடி ஃபேனையே நம்பினேன். "பிந்தாஸ் வாடவ் ரே, காஹி நாஹி ஹோத்!" ஒன்றும் ஆகாதாம், தைரியமாக ஏற்றச் சொன்னான். ஏற்றினேன்.

படம் வெண்ணெயாக ஓடியது. சூடும் ஏறியது. எனவே வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனைத் திறந்த கேபினெட்டுக்கு நேராக வைத்தேன். அப்பா பனியனோடு உட்கார்ந்து பேப்பரால் விசிறிக்கொண்டார்.

"ஏல, பெத்த அப்பன் வேகுதேன், டப்பாவுக்கு காத்தா?"

"மாப்ளை தெரியணும்னா அது குளுந்து இருக்கணும்ப்பா."

மாப்பிள்ளை தூத்துக்குடிக்காரர். மஸ்கட்டில் அத்தை வீட்டில் தங்கி வேலை பார்த்தார். பெரியவர்கள் முக்கால்வாசி பேசி முடித்திருந்தார்கள். பூனா கேம்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த அக்காவுக்கு மட்டும் ஒரு கேள்வி பாக்கி. அதைக் கேட்காமல் தலையாட்ட மாட்டேன் என்றாள். அம்மாவோ, "அதெல்லாம் கல்யாணத்துக்கப்புறம் மெதுவா கேட்டுக்கலாம்ட்டீ" என்று அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை. மஸ்கட்டில் விடுமுறை, இங்கே நான் லீவு. திரையில் மாப்பிள்ளை பளிச்சென்று வந்தார். பக்கத்தில் அத்தை.

"என்ன, ஒரே காத்து சத்தமா கேக்கு? பீச்சுலயா இருக்கீங்க?"

மைக்குக்குப் பக்கத்தில் எங்கள் டேபிள் ஃபேன். அம்மா என்னை முறைத்தாள். நிறுத்தினேன். அக்கா காதில் மட்டும், "ரொம்ப நேரம் தாங்காதுக்கா, சீக்கிரம் கேட்டுரு" என்றேன்.

அக்கா வாயைத் திறந்தாள். அத்தை முந்திக்கொண்டார்.

"மொதல்ல ஒரு சின்ன ஜெபம் பண்ணிருவோம்."

எல்லாரும் கண்ணை மூடினோம். நான் ஒரு கண்ணை. இன்னொரு கண் திரையின் மூலையில், சூட்டைக் காட்டும் எண்ணில். மாப்பிள்ளைக்காக ஜெபித்தபோது அறுபத்தைந்து. இரண்டு வீட்டாருக்கும் முடித்துவிட்டு, பிரயாணத்தில் இருப்பவர்கள், பரீட்சை எழுதியவர்கள், தேசத் தலைவர்கள் என்று அத்தை போய்க்கொண்டிருந்தார். தலைவர்களிடம் வந்தபோது எழுபத்தெட்டு. ஜெபத்தில் குறுக்கிட எங்கள் வீட்டில் யாருக்குத் தைரியம்?

"இந்தக் கம்ப்யூட்டரைத் தந்தீரே, அதற்காக ஸ்தோத்திரம்..."

கம்ப்யூட்டர் பீப் பீப் என்று அலறத் தொடங்கியது.

"ஆமென்!" என்றேன் நான், ஊருக்கு முன்னால். வேறு வழியில்லாமல் எல்லாரும் சொன்னார்கள். அடுத்த நொடி அக்கா கேமராவுக்கு முன்னால் பாய்ந்தாள்.

"நான் வேலைய விட மாட்டேன். மஸ்கட்டுக்கும் வர மாட்டேன். நீங்க இங்க பூனாவுக்கு வருவீங்களா?"

அத்தையின் வாய் திறந்தபடி நின்றது. மாப்பிள்ளையின் தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது...

திரை கறுத்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்தது பஞ்சாயத்து.

"சரின்னுதான் சாய்ச்சான்" என்றார் அப்பா.

"இல்ல, மாட்டேன்னு ஆட்ட ஆரம்பிச்சான். போச்சு! கேக்கக் கூடாதத கேட்டு கெடுத்துட்டா." அம்மா கேசரிச் சட்டியை மூடியே வைத்துவிட்டாள்.

அப்பா எழுந்து அந்தத் தலைச்சாய்ப்பை நடித்துக் காட்டினார். அம்மா அதைத் திருத்தி நடித்தாள். நான் குனிந்து ப்ராசஸரை ஊதிக்கொண்டிருந்தேன். அக்கா நகத்தைக் கடித்தாள். அவள் நகம் கடித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

போன் மணி அடித்தது. மாப்பிள்ளை! அக்காவோடுதான் பேச வேண்டுமாம். நாங்கள் மூன்று பேரும் ரிசீவரில் காதை ஒட்டினோம்.

"பதில் சொல்லுததுக்குள்ள கட் பண்ணிட்டீங்களே, நான் மாட்டேன்னுருவேன்னு பயமா?"

"பயம்தான்" என்றாள் அக்கா. "வருவீங்களா?"

 கரகரக்கும் லைனில் மெதுவாக ஒரு கேள்வி: "அங்க நல்ல மீனு கெடைக்குமா?"

"கெடைக்கும்னு சொல்லு, கெடைக்கும்னு சொல்லு!" என்று அப்பா கத்தியது மஸ்கட்டுக்கு போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

வந்தார். இன்று கோந்த்வாவில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. பூனாவில் விற்கும் ஒவ்வொரு மீனையும் குறை சொல்லிக்கொண்டே வாங்குகிறார்.

இப்போது எல்லாமே மாறிவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் போன், சுடுவதுமில்லை, சத்தமுமில்லை. எங்கள் சித்தி மகன் ஒரு பெண்ணோடு வாரக்கணக்காக வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கிறான். படம் கண்ணாடி மாதிரி. ஒரு தடவைகூடக் கட் ஆகவில்லை. போன ஞாயிறு அக்கா வீட்டில் வைத்து, "கல்யாணத்துக்கப்புறம் எந்த ஊர்ல இருக்கப் போறீங்க? கேட்டியாடா?" என்றேன்.

"இல்லண்ணே... ஃப்ளோ கெட்டுரும். அடுத்த கால்ல கேக்கலாம்னு."

மேஜையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தான் நிமிர்ந்தார். "கேட்டுரு, தம்பி. இவ அன்னைக்கு கேக்காம இருந்திருந்தா, நான் இன்னும் மஸ்கட்லதான் இருந்திருப்பேன்... நிம்மதியா."

அக்கா பூண்டுக் கூடையையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.