ட்ரையலுக்கு ஆள் எடுக்கிறார்கள்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. அது பிறவிக் குணம் என்பார் என் கணவர். கல்ஃப் கற்றுக்கொடுத்த குணம் என்பேன் நான்.

தஞ்சாவூரில் நாங்கள் இருந்த தெருவில் பாதி வீட்டு ஆண்கள் கல்ஃபில்தான் இருந்தார்கள். தாராளமயம் என்று சொல்லி நாட்டின் கதவையெல்லாம் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. எங்களுக்குத் திறந்த முதல் கதவில் ஒரு விசா ஏஜெண்ட் நின்றிருந்தார். சூப்பர்வைசர் வேலை என்று சொல்லி என் கணவரை அனுப்பிவைத்தார். இவர் போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு சிமெண்ட் மூட்டை தூக்கச் சொன்னார்கள். மூச்சு விடாமல் ஒப்பந்த காலத்தை முடித்துவிட்டுத் திரும்பினார்.

அதற்குப் பிறகு எந்த ஏஜெண்டைப் பார்க்கப் போனாலும் நானும் கூடப் போனேன். ஆண்கள் பேசும் இடத்தில் பெண் குறுக்கே பேசினால் எங்கள் பக்கத்தில் இவருக்குத்தான் மரியாதைக் குறைவு. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். எதிரே இருப்பவர் புளுகுகிறார் என்று பட்டால் மேசைக்கு அடியில் இவர் காலை மிதிப்பேன். உடனே இவர் பேச்சை மாற்றி எழுந்துவிடுவார். அந்த மிதியால் தப்பித்த ஏமாற்றுகள் கொஞ்சமல்ல.

இவருக்கென்று இன்னொரு பாடமும் உண்டு. அது கல்ஃப் மெடிக்கல். விசா வந்தாலும் ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் பார்த்து 'ஃபிட்' என்று சொன்னால்தான் விமானம். 'அன்ஃபிட்' என்று வந்துவிட்டால் வாங்கிய கடனோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதனால் முதல் தடவை போகிறவர்களுக்குப் போய்வந்தவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள்: நல்லா ஷேவ் பண்ணிக்க, எளநி குடிச்சிட்டுப் போ, இருமல் வந்தா முழுங்கு, என்ன கேட்டாலும் இல்லைன்னு சொல்லு. இவர் ஒருமுறை காய்ச்சலோடு போய்ச் சிரித்த முகமாக ஃபிட் வாங்கி வந்தவர்.

எல்லாம் முடிந்து ஊரோடு வந்து சேர்ந்த பிறகுதான் இவருக்குக் குடலில் புற்றுநோய் வந்தது. பெருங்குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். கீமோ கொடுத்தார்கள். கொஞ்ச நாள் நிம்மதி. பிறகு ஸ்கேனில் கல்லீரலில் தெரிந்தது. வேறு மருந்துகளும் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் எங்கள் டாக்டர், "கையில இருக்குற மருந்து கொறஞ்சுக்கிட்டே வருதும்மா. புது மருந்தைச் சோதிச்சுப் பாக்குற ட்ரையல் ஏதாவது நடக்குதான்னு பாருங்க" என்றார்.

ட்ரையலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதற்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதற்கும் என் காதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தெருவிலும் அதையே சொன்னார்கள். "எலிக்குப் போடுற ஊசிய மனுஷனுக்குப் போடுவானுவ."

ஷார்ஜாவிலிருந்த மகன்தான் இணையத்தில் தேடினான். "அம்மா, நம்ம நாட்டுல எந்த ட்ரையல் நடந்தாலும் அரசாங்கப் பதிவுல இருக்கணும். யாரு நடத்துறா, எந்த ஊரு, யாரைச் சேர்ப்பாங்க, எல்லாம் அதுல போட்டிருக்கு. திருச்சியில ஒண்ணு அத்தாவுக்குப் பொருந்தும்போல இருக்கு" என்றான். ஏஜெண்டின் லைசென்ஸ் எண்ணைக் கேட்டு வாங்கிய பழக்கத்தில் அந்தப் பதிவு எண்ணைச் சொல்லச் சொல்லி வாங்கிக்கொண்டேன். பிறகு ஆஸ்பத்திரிக்கு நானே ஃபோன் போட்டு, முதலில் எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஃபோனை எடுத்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். சரியாகத்தான் இருந்தது. அப்படியும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

நடுவில் ஒருவர் வீட்டுக்கே வந்தார். தனக்கு டாக்டர்களைத் தெரியும், ட்ரையலில் சேர்த்துவிடுகிறேன், கமிஷன் கொடுத்தால் போதும் என்றார். சேருவதற்கு நோயாளியிடம் யாரும் காசு கேட்கக் கூடாது என்று மகன் சொல்லியிருந்தான். டீ கொடுத்து வழியனுப்பி வைத்தேன்.

கேட்டாவது பார்ப்போம் என்று திருச்சிக்குப் போனோம். ட்ரையலை நடத்தும் டாக்டர் அம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். புது மருந்து எல்லோருக்கும் கிடைக்காது, கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுச் சொல்லும் என்றார்.

"உசுரு விஷயத்துல குலுக்கலா?" என்றேன்.

"வழக்கமான மருந்து எல்லாருக்கும் உண்டும்மா. அதோட புதுசு சேருமா சேராதாங்கறதுக்குத்தான் குலுக்கல். எது நல்லதுன்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. அதுக்குத்தான் ட்ரையல்."

தெரியாது என்று சொன்ன முதல் ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏஜெண்டுகளுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஆனால் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டவர்களும் அதைத்தான் சொன்னார்கள். ரிப்போர்ட்டுகளின் ஜெராக்ஸை மட்டும் கொடுத்துவிட்டு ஒரிஜினலை என் பையிலேயே வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு எடுத்துப் போய் யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று டாக்டர் அம்மா ஒப்புதல் தாள்களைக் கொடுத்தார். மகனுக்குப் படித்துக்காட்டினேன், எங்கள் டாக்டரிடமும் காட்டினேன். அவசரப்படுத்தாத ஏஜெண்டை நான் பார்த்ததில்லை. அது ஒன்றுதான் என்னைக் கொஞ்சம் இளக்கியது.

கையெழுத்துப் போட்டோம். சேர்ப்பதற்கு முன்னால் பரிசோதனை செய்யும் நாளும் வந்தது. காலையில் பார்த்தால் இவர் தலைக்குச் சாயம் பூசியிருக்கிறார். பளிச்சென்று ஷேவ், வெள்ளைச் சட்டை, அத்தர். ஸ்டேஷன் வாசலில் ஒரு இளநீர் வாங்கிக் குடித்தார். நோய் வந்ததிலிருந்து இப்படிப் பார்க்கவில்லையே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்ட எனக்கு இவர் மேல் சந்தேகமே வரவில்லை.

டாக்டர் அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். நெஞ்சு வலி? இல்லை. மூச்சிரைப்பு? இல்லை.

"கீமோவுக்கு அப்புறம் கை கால் மரத்துப்போறது உண்டா?"

"இல்லீங்க."

எனக்குத் திக்கென்றது. கையிலிருந்து டம்ளர் நழுவுவதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், "லேசா மரப்பு, சரியாயிடும்" என்பார். அப்போதுதான் சாயமும் இளநீரும் எதற்கு என்று புரிந்தது. மனிதர் கல்ஃப் மெடிக்கலுக்கு வந்திருக்கிறார்!

மேசைக்கு அடியில் இவர் காலை மிதித்தேன். அசையவில்லை. வீம்பு என்று நினைத்துச் செருப்புக் குதிகாலால் நன்றாக அழுத்தி மிதித்தேன். டாக்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

அது வீம்பு இல்லை. இவருக்குத் தெரியவே இல்லை.

சொன்னால் ட்ரையல் போய்விடும். வேறு மருந்தும் கையில் இல்லை. சொல்லாவிட்டால் இந்தக் கால் என்ன ஆகுமோ தெரியாது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

"டாக்டர், அவரு சொல்றது பொய்யி. மரத்துத்தான் போயிருக்கு" என்றேன்.

இவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. டாக்டர் அம்மா இவரைக் கண்ணை மூடச் சொல்லி, அதிரும் இரும்புக் கவை ஒன்றைக் கால் விரலில் வைத்தார். "தொட்டுட்டீங்களா?" என்று கேட்டார் இவர்.

"இந்த மருந்து நரம்பைத்தான் மொதல்ல பிடிக்கும்யா. உங்களுக்குக் கொடுத்தா நடக்க முடியாமப் போயிடும்" என்றார் டாக்டர்.

"அப்ப நான் அன்ஃபிட்டா?"

"இந்த ஒண்ணுக்கு மட்டும்தான். வேற வகை மருந்துக்கு ஒரு ட்ரையல் வரப்போகுது. கூப்பிடுறோம்."

கூப்பிடுகிறோம் என்று எத்தனை ஏஜெண்டுகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து பிறகு கூப்பிட்டார்கள். அப்போதும் நான் பதிவு எண்ணைத்தான் முதலில் கேட்டேன்.

அன்றைக்குத் திரும்பும் ரயிலில் இவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பூதலூரில் வண்டி நின்றது. ஜன்னலுக்கு வெளியே நாற்று நட்ட வயல்களில் தண்ணீர் நின்றிருந்தது. அதைப் பார்த்தபடியே வாய் திறந்தார்.

"அந்தம்மா முன்னாடி என்னைப் பொய்யனாக்கிட்டே. எப்பவும்போலக் காலை மிதிச்சிருக்கலாம்ல? நானே சொல்லியிருப்பேன்."

மிதித்தேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"மறந்துட்டேன் மச்சான்" என்றேன்.

"நீயா? மறப்பியா நீ?"

சந்தேகமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து பார்த்து, இரண்டு கால்களையும் மெதுவாக இழுத்து சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.