முள் எடுக்காத நெத்தலி

அம்மா மிஷன் பாடசாலை விடுதியில் படித்தவர். அங்கே கற்றுக்கொண்டவற்றில் இரண்டை அவர் கடைசிவரை விடவில்லை. ஒன்று, தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பது. மற்றது, சாப்பாட்டு மேசையில் மீன்முள் தென்படக்கூடாது என்ற பிடிவாதம். பெரிய மீனென்றால் பரவாயில்லை; நெத்தலிக்கும் அதே சட்டம்தான். நெல்லியடிச் சந்தையில் அப்பா வாங்கிவரும் நெத்தலியைச் சுளகில் பரப்பிவைத்து, ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளி, நடுமுள்ளை இழுத்தெடுப்பார். ஒரு கறிக்கு ஒரு மணித்தியாலம் போய்விடும். பக்கத்தில் எங்கள் பூனை கண் வெட்டாமல் காத்திருக்கும். தலையும் முள்ளும் மிச்சமில்லாமல் அதற்குத்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. போரோடு வந்த பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. ஊர் முழுக்கச் சைக்கிளில்தான் போய்வந்தது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து அப்பாவின் சைக்கிள் கரியரில் அம்மா வந்துகொண்டிருந்தார். ஒரு கட்டாக்காலி ஆடு குறுக்கே வர அப்பா பிரேக் பிடித்தார். அம்மா மெல்லச் சரிந்து, வலது கையை ஊன்றி மணலில் உட்கார்ந்தார். விழுந்தார் என்றுகூடச் சொல்லமுடியாது. சின்னப்பிள்ளை என்றால் தூசி தட்டிவிட்டு ஓடியிருக்கும். அம்மாவின் மணிக்கட்டு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்ட டொக்டர் ஜெனரேட்டரில் எடுத்த எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“இந்த விழுகைக்கு இது முறிஞ்சிருக்கக்கூடாது, அம்மா. எலும்பு பலமில்லாமல் கிடக்கு. கல்சியம் காணாது. பால் குடிக்கிறனீங்களோ?”

“எனக்குப் பால் ஒத்துவராது, டொக்டர். குடிச்சால் வயிறு ஊதும்.”

“நல்லதாப் போச்சு. குடிக்கச் சொன்னாலும் பால்மாவுக்கு எங்கை போறது? நெத்தலி சாப்பிடுறனீங்களோ?”

“ஓம், கிழமையிலை நாலு நாள்.” அம்மாவின் முகம் மலர்ந்தது.

“முள்ளோடைதானே?”

“சீ! ஒவ்வொண்டா முள்ளெடுத்துத்தான் சமைக்கிறனான்.”

“அப்ப முள்ளை ஆர் சாப்பிடுறது?”

“பூனை” என்று பக்கத்தில் நின்ற நான் சொன்னேன்.

டொக்டர் சிரிக்காமல் கேட்டார்: “அந்தப் பூனை மதிலாலை குதிச்சு எப்பவாவது கால் முறிஞ்சதோ?”

அப்பா இருமுவதுபோலப் பாசாங்கு செய்துகொண்டு வெளியே போனார். டொக்டர் ஒரு துண்டில் எழுதித் தந்தார்: நெத்தலி முள்ளோடு, முருங்கையிலை, எள், குரக்கன், காலை வெயில். மருந்துப் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. எழும்பும்போது அம்மா மெதுவாகக் கேட்டார்: “நத்தாருக்கு ஓர்கன் வாசிக்கலாமோ, டொக்டர்?”

“விரல் முந்தின மாதிரி வருமோ எண்டு இப்ப சொல்லேலாது” என்றார் அவர். வீடு வந்து சேரும்வரை அம்மா பிளாஸ்டருக்கு வெளியே தெரிந்த விரல்களை அசைத்து அசைத்துப் பார்த்தார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அம்மாவுக்காக மட்டும் பயந்தேன் என்று சொன்னால் பொய். ஓர்கன் வாசிக்கத் தெரிந்த இன்னொருவர் எங்கள் சபையில் நான்தான். தெரியும் என்றால், காலால் மிதிக்கவும் தெரியும், கையால் அழுத்தவும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதுதான் தகராறு. அடுத்த ஞாயிறு நான் முதல் பாட்டை வாசித்து முடித்தபோது சபையார் இன்னும் ஒரு சரணம் பாடிக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு நான் பின்னால் நின்றேன், அவர்கள் முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். போதகர் நல்ல மனிதர். பாட்டுகளைக் குறைத்துவிட்டுப் பிரசங்கத்தை நீட்டினார்.

சமையலும் என் தலையில் விழுந்தது. அம்மா கதிரையில் இருந்தபடி கட்டளை இடுவார். முருங்கையிலைக்கு எங்கள் வேலியில் குறைவில்லை. நான் உருவி வறுக்க, “பிள்ளை, காம்பு!” என்று அங்கிருந்தே சத்தம் போடுவார். எள்ளை வறுத்துப் பனங்கட்டியோடு இடித்து உருண்டை பிடித்தோம். அதில் பாதி அம்மாவின் எலும்புக்குப் போனது. மற்றப் பாதியை அப்பா தன்னுடைய எலும்புக்கும் அவசியம் என்று முடிவுசெய்துகொண்டார்.

வெயில்தான் பெரிய கூத்து. அம்மா குடை இல்லாமல் கிணற்றடிக்குக்கூடப் போகாதவர். டொக்டர் சொல்லிவிட்டாரே என்று காலையில் முற்றத்துக்கு இறங்கி, இடக்கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டர் போட்ட வலக்கையை மட்டும் நிழலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றார், பனங்கிழங்கைக் கிழித்து ஒடியல் காயவைப்பதுபோல.

“அம்மா, வெயில் உங்களிலை பட வேணும், பிளாஸ்டரிலை இல்லை.”

“முறிஞ்சது கைதானே?” என்றார். குடையைப் பறித்து உள்ளே வைத்தேன்.

முள்ளோடு நெத்தலி என்பது அம்மாவுக்கு உயிர்போகிற விஷயம். முதல் நாள் மஞ்சளும் மிளகாய்த் தூளும் பிரட்டி மொறுமொறுவென்று பொரித்து வைத்தேன். சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தார். “பிள்ளை, இது என்னைப் பார்க்குது” என்று தள்ளிவிட்டார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அடுப்படிப் புகையில் கண் எரிய நின்று பொரித்தவள் நான். “பார்த்தால் பார்க்கட்டும். நத்தாருக்கு உங்களைப் பார்க்க ஒரு சபையே இருக்கு” என்று கத்திவிட்டேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார், அயலவர் யாரும் கண்டுவிடக் கூடாதாம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை வாயில் போட்டார். கறுக், கறுக் என்று சத்தம் கேட்டது. ஐந்தாவது நெத்தலியில் கண்ணைத் திறந்தார். “எலுமிச்சம்புளி விட்டிருக்கலாம்” என்றார்.

பாவம் பூனை. மூன்று நாள் வெறும் சுளகைச் சுற்றிச்சுற்றி வந்து பார்த்துவிட்டு, நான்காம் நாள் அடுத்த வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

ஆறு கிழமை கழித்துப் பிளாஸ்டரை வெட்டினார்கள். எலும்பு நன்றாகப் பொருந்தியிருந்தது. ஆனால் விரல்கள் விரித்தால் விரியவில்லை, மடித்தால் மடியவில்லை. ரப்பர் பந்து ஒன்றைப் பிசையச் சொன்னார் டொக்டர். தடைக்காலத்தில் ரப்பர் பந்துக்கு எங்கே போவது? அம்மா குரக்கன் மாவைத் துருவிய தேங்காய்ப்பூவோடு தாச்சியில் கொட்டித் தண்ணீர் விட்டுப் பிசைய உட்கார்ந்தார். முதல் நாள் மாவில் விரல் அடையாளம்கூட விழவில்லை. அம்மா என்னைப் பார்க்காமல் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அதற்குப் பிறகு காலையும் பின்னேரமும் பிசைந்தார். பிசைந்ததைச் சுடாமல் விடமுடியாது, சுட்டதைத் தின்னாமலும் விடமுடியாது. இரண்டு நேரமும் குரக்கன் ரொட்டி.

“உம்மடை கை சுகமாகிறதுக்குள்ளை என்ரை பல்லுப் போயிடும்” என்றார் அப்பா.

“எள்ளுருண்டை தின்னேக்கை மட்டும் பல்லு இருக்கு” என்றார் அம்மா.

மார்கழி பிறந்தபோது அம்மாவால் கட்டைகளை அழுத்த முடிந்தது. கையை முழுதாக விரிக்கத்தான் முடியவில்லை. யாராவது கேட்டால் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொள்வார். நத்தாருக்கு ஆறு பாட்டுகள். “நான் வாசிப்பன். நீ பக்கத்திலை இருந்து தாளைப் புரட்டு” என்றார்.

நத்தார் காலையில் தேவாலயம் நிறைந்திருந்தது. அம்மா உட்கார்ந்து மிதித்தார். ஓர்கன் மூச்செடுத்தது. நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. அந்த மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று பாட்டுகள் நழுவாமல் போயின. மூன்று மாதமாக என்னிடம் அகப்பட்டுக் கஷ்டப்பட்ட சபையார் விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் பாடினார்கள். கடைசிப் பாட்டின் நடுவில் அம்மாவின் உதடு இறுகியது. வலக்கை கட்டைகளில் இருந்து எழும்பி மடியில் விழுந்தது. இடக்கை நிற்கவில்லை, காலும் நிற்கவில்லை. முன்னால் பார்த்தபடியே வாங்குப் பலகையில் ஒரு சாண் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் என் வலக்கையை வைத்தேன். மிதிக்கிற பொறுப்பு அம்மாவுடையது என்பதால் முதன்முறையாக நானும் சரியாக வாசித்தேன். பாட்டும் சபையும் நாங்களும் ஒரே இடத்தில் முடித்தோம்.

வெளியே வந்ததும் அம்மா மனமுடைந்து போயிருப்பார் என்று பயந்தேன். வாசலில் சைக்கிளோடு நின்ற அப்பா, “எத்தினை பாட்டு நீர் வாசிச்சது?” என்று கேட்டார். அம்மாவின் இடக்கையில் புத்தகங்கள் இருந்தன. வலக்கையை உயர்த்திக் காட்டினார். ஐந்து விரல்களும் வளையாமல், ஒன்றோடொன்று ஒட்டாமல், நேராக விரிந்து நின்றன. அம்மா அதைக் கவனிக்கவில்லை. அப்பாவும் நானும்தான் பார்த்தோம்.

“ஆறாவது உங்கடை மகள்” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் அழத் தொடங்கிவிட்டேன்.