பணியாரச் சட்டியில் ஒரு சிலந்தி

கோடி ஆண்டு பிடிக்கும் வேலையை அரைமணி நேரத்தில் முடித்துவிட்டதாக நம்பிய முட்டாள் நான். வயது பத்துதானே என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே பத்துதான். அவன் ஒழுங்காகத்தான் இருந்தான்.

அம்மாவின் தம்பி, என் மாமா, சிலந்தி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கல்வராயன் மலையில் குடையைத் தலைகீழாக விரித்துச் செடிக்கடியில் பிடித்துக்கொண்டு, கிளையைக் குச்சியால் தட்டுவார். குடையில் உதிரும் பூச்சியெல்லாம் புதையல். சாமைக் கொல்லையில் களை எடுப்பவர்கள், “இன்னாங்க, வெயில புடிக்கிறீங்களா?” என்று கேட்பார்களாம்.

மூன்று மாதம் தட்டியதில் கடுகளவு சிலந்தி ஒன்று விழுந்தது. ஆர்கெஸ்டினா என்ற இனம். ஆறே கண், தடித்த பின்தொடை. ஸ்பிரிட் குப்பியில் போட்டு, கள்ளக்குறிச்சிப் பக்கத்து எங்கள் வீட்டு அலமாரியில் வைத்தார். திங்கட்கிழமை பேராசிரியர் வந்து அதைப் பார்த்தால்தான் அந்த மலையில் அது உண்டென்று எழுத முடியும்.

எனக்குக் கைபேசியில் ஒரு படம் காட்டினார். தேன் நிறக் கட்டி, நடுவில் ஒரு சிலந்தி.

“மரத்துப் பிசின்ல மாட்டிக்கினு அப்படியே கல்லாயிடுச்சிடா. அம்பர்னு பேரு. கோடி வருசம் இருக்கும். அதுவும் நம்ம குப்பில இருக்கிறதும் பங்காளிங்க.”

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. தேன் நிறக் கட்டியா! எங்கள் கரும்புக் கொல்லையில் அன்று வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பாவம் மாமா, அவ்வளவு படித்தும் இது தோன்றவில்லையே! கிண்ணத்தில் பாகு வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். வழியில் நக்காமல் கொண்டுவந்து சேர்த்ததுதான் என் ஆராய்ச்சி வாழ்வின் உச்சம். பணியாரச் சட்டியில் எண்ணெய் தடவி, ஒரு குழியில் பாகை ஊற்றி, குப்பியைக் கவிழ்த்து, துடைப்பக்குச்சியால் சிலந்தியை ஏற்றி நடுவில் வைத்து, மேலே இன்னொரு கரண்டி. இறுகியதும் வெயிலில் தூக்கிப் பார்த்தேன். கண்ணைக் கொஞ்சம் சுருக்கினால் படத்தில் இருந்தது அப்படியே!

மாமா வாசலில் பைக்கை நிறுத்தும் முன்பே ஓடிப்போய்க் கையில் வைத்தேன்.

“மாமா, அம்பர்!”

அவர் கட்டியைப் பார்த்தார். உள்ளே ஓடிப்போய்க் காலிக் குப்பியைப் பார்த்தார். அம்மாதான் கத்தினாள்.

“அடப்பாவி! மூணு மாசமா சோறு தண்ணி இல்லாம அலைஞ்சிக்கினு இருந்தானேடா எந்தம்பி!”

கரண்டியோடு வந்தவளை மாமா கை காட்டி நிறுத்தினார். கட்டியை வெந்நீரில் போட்டார். வெல்லம் கரைந்தது. ஒட்டியும் ஒட்டாமலும் மூன்று கால்கள் மிதந்து வந்தன; மற்றதெல்லாம் வெந்து கூழ். அவர் அந்த மூன்று கால்களையும் குச்சியால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். என் திறமையை ரசிக்கிறார் என்றே நினைத்தேன். அன்று சனிக்கிழமை, பேராசிரியர் வர நடுவில் ஒரே நாள்தான் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

“இன்னொண்ணு செய்யட்டா மாமா?”

அவர் பைக் சாவியையும் குடையையும் எடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பரிசாக மலைக்கே கூட்டிப்போகிறார்!

“மாமா, மலைக்கா? ஜாலியா சுத்திட்டு அருவில குளிச்சிட்டு வரலாமா?”

“செருப்ப மாட்டு.”