மழைத்தண்ணீரில் கழுவிய பவளம்

பவளத்தைக் கொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பேர் என்னவோ ஆய்வுக்கூட உதவியாளர். கடல் வற்றும் நாட்களில் சிங்கப்பூரின் ஜூரோங் கரைப் பக்கம் போய், உளியால் பவளத்தைப் பெயர்த்து வாளியில் போட்டுக் கல்லூரிக்குக் கொண்டுவருவேன். குழாய்த்தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டால் மேலே படர்ந்திருக்கும் உயிர்ச்சதை அழுகிக் கழன்றுவிடும். பிரஷ்ஷால் தேய்த்து வெயிலில் காயவைத்தால் வெள்ளை வெளேரென்று கூடு மட்டும் மிஞ்சும். மாணவர்கள் அதைப் பார்த்துப் படம் வரைவார்கள். நான் அந்த நாற்றத்தோடு தேக்காவில் இருந்த வீட்டுக்கு பஸ் ஏறுவேன். பக்கத்து சீட்டில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு வாளிப் பவளத்தில் ஒரே மாதிரி இரண்டு துண்டு கிடைப்பது அபூர்வம். மான்கொம்பு போலக் கிளைத்தது, தாம்பாளமாக விரிந்தது, விரல்விரலாக நிற்பது என்று விதவிதமாக இருக்கும். பிறகு தொழிற்சாலை கட்டுவதற்காக ஜூரோங் சதுப்பை மேடாக்க ஆரம்பித்தார்கள். குன்றை வெட்டிக் கரையில் கொட்டினார்கள். கடல் பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. பவளத்துக்கு வெயில் வேண்டும். அது அடிவரை இறங்கவில்லை. சேறு மேலே படியப் படியப் பவளம் கோழையைச் சுரந்து அதைத் தள்ளப் பார்க்கும். தாம்பாளப் பவளம் சேற்றை ஏந்திக்கொண்டே செத்தது. கிளைவிட்டதும் போயிற்று. சேறு தாங்கும் உருண்டைகள் மட்டும் பிழைத்தன. வாளி நிறைய ஒரே உருண்டையாகக் கொண்டுவந்து வைக்க எனக்கு எரிச்சலாக வரும்.

என்னைச் சம்பான் என்கிற சின்னப் படகில் ஏற்றிப் போகிறவர் எதிர்த்தீவில் குடியிருந்த மலாய் மீனவர். என் வயதுதான், மூன்று பிள்ளைகள். பவளத்தின் ஓரமாக மூங்கில் கூடுகளை இறக்கி மீன் பிடிப்பவர். பவளம் செத்தால் அதன் பொந்துகளில் ஒளியும் மீன்கள் அங்கே என்ன செய்யும்? கூடுகள் வெறுமையாக ஏறின. அவர் தீவில் பாதிப்பேர் ஜூரோங்கில் மண் கொட்டும் வேலைக்குப் போய்விட்டார்கள். "நான் மட்டும் போக மாட்டேன்" என்று அவர் முறுக்கிக்கொண்டு நின்றார். நாங்கள் பேசியதெல்லாம் மலாய். என் காதில் இப்போதும் அது தமிழாகத்தான் கேட்கிறது.

ஒருநாள் அவராகவே கேட்டார். "தீவுக்குப் பின்பக்கம் நீரோட்டம் வேகமா இருக்கும், சேறு நிக்காது. முன்ன சுண்ணாம்புக்காகப் பவளத்தை எல்லாம் வெட்டிட்டாங்க, இப்ப வெறும் பாறை. இங்க மிச்சம் இருக்கிறதைக் கொண்டுபோய் அங்க வெச்சா ஒட்டுமா?"

கல்லூரியில் எனக்கு மேலே இருந்த விரிவுரையாளரிடம் கேட்டேன். வைத்துத்தான் பாரேன் என்றார். விடிந்ததும் கடல் வற்றிய ஒரு நாளில் நாங்கள் இருவரும் முழங்கால் சேற்றில் நின்று, உயிரோடிருந்த பவளங்களை அலுங்காமல் பெயர்த்துச் சம்பானில் அடுக்கினோம். கடைசியாக மிஞ்சியிருந்த கிளைப் பவளங்களும் அதில் இருந்தன. எல்லாவற்றின் மேலும் சேறு அப்பியிருந்தது. அவர் வீட்டுப் படியில் இறக்கியதும் நான் அதிகாரமாக, "கழுவணும், நல்ல தண்ணி வேணும்" என்றேன்.

"கடல் தண்ணி போதாதா?" என்றார் அவர்.

"அதான் சேறா இருக்கே. இது எங்க வேலை, எனக்குத் தெரியாதா?"

மனைவி குடிக்கப் பிடித்துவைத்திருந்த மழைத்தண்ணீர்ப் பீப்பாயை அவர் உருட்டிக்கொண்டு வந்தார். அந்தத் தீவில் குடிதண்ணீர் லேசில் கிடைக்காது. அந்த அம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் பவளங்களை ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, பளிச்சென்று கழுவிக் கொடுத்தேன். அவர் பின்பக்கம் கொண்டுபோய், மூழ்கி மூழ்கி ஒவ்வொன்றையும் பாறை இடுக்கில் செருகினார். எனக்கு அவ்வளவு பெருமை.

அன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போதே என் மனைவி மூக்கைப் பொத்தினாள். "தொட்டி வேலைன்னா பின்னாடி பைப்புல குளிச்சிட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது லா?"

"இன்னைக்குத் தொட்டி வேலை இல்ல" என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கையை முகர்ந்து பார்த்தேன். அதே வாடை. உப்பில்லாத தண்ணீர் பட்டால் அந்தச் சதை தாங்காது என்று ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். பத்து வருஷமாக அதை வைத்துத்தானே பிழைத்தேன்! கை பாட்டுக்குக் கொல்லும் வேலையைச் செய்திருக்கிறது, புத்தி பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறது.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். அவர் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். வைத்த இடத்தில் அத்தனையும் வெளுத்து, பாசி பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"அந்தப் பக்கக் கடலும் கெட்டுப்போச்சு, இல்ல?" என்றார். "நீங்க படிச்ச இடத்துல வேலை பாக்குறவரு, நீங்களே சொல்லுங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா" என்றேன்.

அவர் அந்த மாதமே சம்பானை விற்றுவிட்டு ஜூரோங்கில் மண் கொட்டப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். தேடிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்ததாகச் சொல்லிக்கொள்வேன், அதுகூடப் பொய். அந்த மனிதர் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் இல்லை.

மூன்றாம் வருஷம் வேறொரு சம்பான்காரரோடு அந்தப் பின்பக்கம் போக நேர்ந்தது. தண்ணீர் அடிவரை தெளிந்து கிடந்தது. குனிந்து பார்த்தேன். நாங்கள் வைத்த செத்த பவளங்களின் மேலேயே, சட்டைப் பொத்தான் அளவில், பழுப்பும் பச்சையுமாகப் புதுப் பவளம் பிடித்திருந்தது. யாரும் நடவில்லை, யாரும் கழுவவில்லை. அந்தப் பக்கக் கடலுக்கு ஒரு கேடும் வந்திருக்கவில்லை.